தேய்த்துவிட்டுக் கொண்டுபோன பலகை

"டிரம்மே போதும்னு எத்தனை தடவை சொல்றது? நீ இன்னும் பெல்ட்டையே புடிச்சுத் தொங்கிட்டிருக்க" என்றார் அத்தான், வண்டியை ஓட்டிக்கொண்டே.

"தொங்கலை அத்தான். டிரம்ல உப்புத்தாளைச் சுத்திச் சுத்தி மாட்டணும். கிழிஞ்சா வேலை நின்னுரும். பெல்ட்னா ஒரு கழட்டு, ஒரு மாட்டு, முடிஞ்சது."

"பாத்தியா, உன் தங்கச்சி வீடியோ ஓட ஆரம்பிச்சிருச்சு" என்று அக்காவிடம் சொன்னார். மெஷின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன் என்று அவர் எனக்கு வைத்த பெயர் அது. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். எங்கள் பட்டறையில் மேசையும் கதவும் செய்கிறோம். அத்தான் அறுப்பார், இணைப்பார். நான் பசை போட்டு ஒட்டி இறுக்குவேன், எடுபிடி வேலைகளும் என் தலையில்தான். தேய்ப்பது முழுக்க அக்கா. கையில் பிடித்துத் தேய்க்கும் சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது, கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருக்கும். அதில் தேய்த்து, விரலால் தடவி, அவள் "சரி" என்றால்தான் பலகை வார்னிஷுக்குப் போகும். அவள் விரலை ஏமாற்றிய மேடு பள்ளம் எங்கள் பட்டறையில் கிடையாது. அந்த விரல்கள்தான் இப்போது காலையில் வெளுத்து மரத்துப்போகின்றன. மெஷினின் அதிர்வுதான் காரணம், இனிமேல் அதைத் தொட்டால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் பெரிய தேய்ப்பு மெஷின் வாங்கக் கிளம்பினோம். உருளையில் உப்புத்தாளைச் சுற்றியது டிரம், உப்புத்தாளே வளையமாக ஓடுவது பெல்ட்; இரண்டும் ஒரே வேலைதான். ஒரு பக்கம் பலகையைத் தள்ளினால் தானே தேய்த்து மறுபக்கம் அனுப்பும். ஆனால் தப்பான மெஷினை வாங்கினால், அது விட்ட மிச்சத்தை யாராவது கையில்தான் தேய்த்தாக வேண்டும். அந்த யாராவது யார் என்று உங்களுக்கே தெரியும்.

அத்தான் டிரம் கேட்டதும் சும்மா இல்லை. டிரம் அடக்கமான மெஷின், அக்காவின் தேய்ப்பு மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்ளும். பெல்ட் மெஷினோ யானை. அது வந்தால் கரண்ட் லைனை மாற்ற வேண்டும், கம்ப்ரெஸர் வைக்க வேண்டும், இடத்துக்காக அக்காவின் மேசையையும் வெளியே எடுக்க வேண்டும்.

மெஷின் கடை ஒரு நீளமான ஷெட். மெஷினை ஓட்டிக் காட்டும் கடைக்காரர் உப்புத்தாள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "சொந்தப் பலகை கொண்டு வந்தீங்களா?" என்றார். அதுதான் வழக்கம். கடைக்காரர் பலகையில் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும்.

பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுபோயிருந்த பலகையை நானும் அத்தானும் தூக்கி வைத்தோம். நான் போர்வையைப் பிரித்தேன். பிரித்த கையோடு நின்றுவிட்டேன்.

"அக்கா, இது நான் ஒட்டின பலகைதானே?"

"அதேதான்."

"இதுல வழிஞ்சு காஞ்சு கிடந்த பசை எங்க? நடுவுல ஒரு கட்டை துருத்திக்கிட்டு நின்னுச்சே, அது எங்க?"

அக்கா போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். இருப்பதிலேயே மோசமான பலகை என்று நான் பொறுக்கி வைத்தது அது. இப்போது தலை வாரிப் பொட்டு வைத்த மாதிரி கிடந்தது.

"ஏம்மா, தேய்ச்சியா?" என்றார் அத்தான்.

"லேசா."

"இதுக்குப் பேரு லேசா?"

"பின்ன என்னங்க? அவ்வளவு அசிங்கமா வெளியாளுங்க முன்னாடி எப்படி வைக்கிறது? பல்லு விளக்காம அடுத்தவங்க வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லாரும் சோதிக்கிறதுக்குன்னு கேவலமான பலகையாப் பாத்து எடுத்துட்டு வருவாங்க. பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்தது நீங்கதான் மேடம்."

அத்தான் சிரிக்கவில்லை. "எதுல தேய்ச்ச?"

"கையிலதான்."

"கையிலயா, கையில புடிக்கிற மெஷின்லயா?"

அக்கா மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டுச்சா?"

தன் முன்னால் குடும்பச் சண்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைக்காரர் பென்சிலை எடுத்துப் பலகையின் இரண்டு பக்கமும் குறுக்கே கோடுகள் இழுத்தார். கோடு எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் என்று அர்த்தம். மேல்பக்கத்தை டிரம்மில் விட்டார். திருப்பி, அடிப்பக்கத்தைப் பெல்ட்டில் விட்டார். இரண்டிலும் ஒரு கோடு மிச்சமில்லை. எப்படி இருக்கும், அக்கா ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்த பலகை ஆயிற்றே.

"ரெண்டும் ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு யானை?" என்றார் அத்தான்.

அக்கா டிரம் தேய்த்த பக்கத்தைத் தடவினாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, நிதானமாக, எப்போதும் போல. "நல்லா இருக்குங்க. குழந்தை கன்னம் மாதிரி. இதையே எடுத்துரலாம்."

அவள் கை போன வழியில் நானும் பழக்கத்தில் தடவிக்கொண்டே போனேன். பலகை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் விரல் இறங்கியது.

"இங்க ஒரு படி இருக்கே" என்றேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எங்க?"

அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். முன்னும் பின்னும் தடவினாள்.

"இங்கயா?"

"அங்கதான்."

"ஒண்ணும் இல்லையேடி."

கடைக்காரர் டார்ச் எடுத்துவந்து பலகையோடு பலகையாகப் படுக்க வைத்து அடித்தார். பலகையின் குறுக்கே கறுப்பு நூல் போல ஒரு நிழல் விழுந்தது. "பலகை வெளிய வர்றப்போ முனை லேசா எழும்பும், அதான். சரி பண்ணலாம், ஆனா இந்த மாடல்ல அப்பப்போ வரும்" என்றார்.

அக்கா அந்த நிழலையே பார்த்தாள். பிறகு கையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"காலையில மட்டும்தான் மரத்துப்போகுதுன்னு சொன்ன" என்றார் அத்தான். குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியலைங்க. தெரியலைங்கிறதே இப்பத்தான் தெரியுது."

அத்தான் கடைக்காரரிடம் திரும்பினார். "பசை அப்பின பலகை ஏதாவது கிடக்குமா? பவுடர் போடாதது."

பின்பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. நான் ஒட்டியதைவிட மோசம், எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. டிரம்மில் விட்டதும் பசை இளகி உப்புத்தாளில் அப்பிக்கொண்டது. தீய்ந்த வாடை வந்தது. பலகை நெடுக ஒரு பழுப்புக் கோடு.

"இதை?" என்றார் அத்தான்.

"கையில தேய்ச்சுத்தான் எடுக்கணும் சார்."

அதே பலகையைப் பெல்ட்டில் விட்டார். இரண்டாம் முறை வெளியே வந்தபோது பழுப்புக் கோட்டைக் காணோம். மயிரிழை மாதிரி கீறல்கள் மட்டும் இருந்தன.

"இந்தக் கீறலை?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "கடைசியில கொஞ்சம் கை வேலை இதுக்கும் உண்டு சார். ஆனா கொஞ்சம்தான்."

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நீயா? நீ தேய்ச்சா மேசை தொட்டிலாயிரும்" என்றாள் அக்கா.

"அப்போ பக்கத்துல நின்னு திட்டு."

அவள் என்னைக் கவனிக்காமல் அத்தானைப் பார்த்தாள். "இது வந்தா என் மேசையை எங்க போடுவீங்க?"

அத்தான் சட்டைப் பித்தானைத் திருகினார். "அதுக்குத்தான்மா டிரம் போதும்னேன். மேசையை எடுத்துட்டா நீ பட்டறைப் பக்கமே வரமாட்டியோன்னு."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கரண்டுக்கும் கம்ப்ரெஸருக்கும் பயந்துதான் மனுஷன் அடம்பிடிக்கிறார் என்று நான் வண்டியில் என்னென்னவோ பேசியிருக்கிறேன்.

"மேசை இருந்தா நான் தேய்ச்சுக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள் அக்கா. "இவ்வளவு சொல்லியும் நேத்து தேய்ச்சேன்ல. பெல்ட்டையே எடுங்க." பிறகு கடைக்காரரிடம், "அந்தப் பலகையை இன்னொரு தடவை விடுங்க. நான் அந்தப் பக்கம் நிக்கிறேன்."

பலகை வெளியே வந்தது. அக்கா தடவவில்லை. குனிந்து, கன்னம் பலகையில் பட்டுவிடும் போல வைத்து, டார்ச்சை ஓரத்திலிருந்து அடித்துப் பார்த்தாள்.

"இடது ஓரத்துல ஒரு பொட்டுப் பசை இருக்கு. திரும்ப விடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். திரும்ப விட்டார்.

மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது, மேசையையும் கழற்றியாகிவிட்டது, கழற்றியது அக்காதான். இப்போது எங்களுக்குள் வேறு சண்டை. அக்கா எந்தப் பக்கம் நிற்பது? உள்ளே தள்ளும் பக்கம் என்கிறார் அத்தான். வெளியே வரும் பக்கம் நின்றால் பழக்கத்தில் கை தானாகப் பலகையைத் தடவும், ஒவ்வொரு முறையும் ஒன்றும் தெரியாமல் மனசு உடையும் என்பது அவர் கட்சி. நான் வெளியே வரும் பக்கம்தான் என்கிறேன். பலகை போதுமா, திரும்பப் போகணுமா என்று சொல்கிற இடம் அதுதான், அந்த இடத்தை வேறு யாருக்குக் கொடுப்பது? அக்காவிடம் கேட்டால், "முதல்ல கரண்ட்காரரைக் கூப்பிடுங்க ரெண்டு பேரும்" என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், அவளை எந்தப் பக்கம் நிறுத்தலாம்?