நிற்காத மஞ்சள்

“இவன் இன்னும் நடந்துண்டே இருக்கான்டி, பொன்செல்வி. நீயே பாரு.”

மகன் வேலை பார்த்த தம்பானூர் ஆபீசின் வாசலிலேயே சாவித்ரி மாமி போனை நீட்டினாள். மகன் சுமந்த் அவளுக்காகச் செய்து வைத்த பக்கம். வேலை முடிந்து அவன் கிளம்பினால் அதில் ஒரு மஞ்சள் கோடு வளரும். பாதி வந்ததும் மாமி தோசைக்கல்லைப் போடுவாள். போன மாதம் பாதி வழியில் லாரி மோதிச் செத்துப்போனான். அன்று முதல் கோடு வளரவில்லை. சாம்பல் பட்டைக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அலைகிறது.

“எவ்வளவு தூரம் வந்தான்னு சுமந்த் போன்லேருந்து கணக்கு வரணும், மாமி. வரலேன்னா இப்படித்தான் ஓடும். முழுசா நிறைச்சிரட்டா?”

“நிறைஞ்சா வந்துட்டான்னு அர்த்தம். எழுந்து வாசலுக்குப் போயிடுவேன்.”

“காலியா வைக்கவா?”

“இன்னும் கிளம்பலேன்னு ஆயிடும். உங்க ஆபீசுக்குப் போன் பண்ணுவேன்.”

“பக்கத்தையே எடுத்திரலாம், அல்லே?”

“அது அவன் பண்ணினதுடி. சும்மா நிறுத்து, போறும். ராத்திரி பகல் கண் மூட முடியலை.”

பொன்செல்வி, சுமந்துக்கு அடுத்த நாற்காலிக்காரி. மாமியை உள்ளே உட்காரவைத்து, அவன் எழுதியதைத் தன் கம்ப்யூட்டரில் திறந்தாள். அந்தக் கோட்டுக்குக் குரோம் பிரவுசரில் ஒரு பெயர், ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் வேறு பெயர்; நிறம் சொல்ல இரண்டுக்கும் தனித்தனி விதி. இரண்டிலும் அதே மஞ்சள். ஒன்றையே இரண்டு தடவை எதற்கு என்று இரண்டு பெயரையும் ஒரு கமா போட்டுச் சேர்த்து, மஞ்சளைப் பட்டையின் சாம்பல் நிறமாக்கினாள். அவளுடைய ஃபயர்பாக்ஸில் கோடு மறைந்தது.

“சரியாயிட்டு, மாமி.”

“எங்கே ஆச்சு? இதோ போறானே!”

மாமியின் போனில் இருந்தது குரோம். தனக்குத் தெரியாத பெயர் ஒன்று கலந்திருந்தால் குரோம் அந்த விதியையே தள்ளிவிட்டுத் தன் நிறத்தைப் பூசும்.

“சே! சேர்த்து எழுதாதேன்னு சுமந்த் எத்தனை திட்டு திட்டியிருக்கான்!”

“திட்டுவான். சாம்பார்ல உப்புக் குறைஞ்சா எனக்கும் உண்டு.”

பிரித்து எழுதினாள். போனிலும் கோடு மறைந்தது. வெறும் சாம்பல்.

மாமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நின்னுட்டானா? இல்லே, என் கண்ணுக்குத்தான் தெரியலையா?”

பொன்செல்விக்குப் பொய் வரவில்லை. “நிறத்தைத்தான் எடுத்தேன், மாமி. ஓட்டம் உள்ளே இருக்கு. இன்னும் ஒரு வரி. அதையும் அழிச்சிட்டா நின்னிரும்.”

மாமியின் விரல் பட்டையின் மேல் மெல்ல நகர்ந்தது. முனைவரை போயிற்று. திரும்பி வந்தது.

“அழிக்காதே. மஞ்சளைத் திரும்பப் போடு” என்றாள். “துணைக்கு ஆள் இல்லாம இருட்டில நடக்கறான்.”