கழற்றிவிட்ட கேபிள்

தட்டாஞ்சாவடியில் எனக்கு மெக்கானிக் ஷெட். சக்கரபாணி கை வைத்தால் எந்த வண்டியும் சொன்னபடி கேட்கும் என்பார்கள். அந்தத் திமிர் எனக்கும் இருந்தது.

2006 மழைக்காலம் முடிந்ததும் அமலநாதன் சார் தன் காரைக் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்சக்கரம் இறுகுகிறது என்றார். படுத்துப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்தது. கடற்காற்று வேறு, மேடே இல்லாத ஊரில் அந்த லிவரை யார் தொடுகிறார்கள்? வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போகிற ஆட்கள் நாங்கள்.

புது கேபிள் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். சொன்னால் வண்டியை விட்டுவிட்டுப் போவார். ஷெட்டில் இடமில்லை. பழையதைக் கழற்றிவிட்டேன், சக்கரம் லேசாகச் சுற்றியது. ஹேண்ட்பிரேக் லிவர் இனி பேருக்குத்தான். "ஆயிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க" என்றேன். கேபிள் வந்தது. அலமாரியில் வைத்தேன். மறந்தே போனேன்.

அடுத்த மாதம், கனகசெட்டிக்குளத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்த் திரும்பும்போது பிரேக் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. பிரேக்கில் இரண்டு லைன் உண்டு. ஒன்று போனாலும் மற்றது பாதியாவது பிடிக்கும். இரண்டுக்கும் அழுத்தம் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டரே போனால் இரண்டும் போச்சு. அப்புறம் மிச்சம் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். கார் நின்றிருந்த லாரியில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூர்துசெல்வி அங்கேயே இறந்துவிட்டார். பிரேக் ஃபெயிலியர் என்றார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக.

சார் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சக்கரபாணி, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்பா. ஹேண்ட்பிரேக்க இழுத்தேன். லேட்டா இழுத்துட்டேன் போல. கொஞ்சம் முன்னாடியே இழுத்திருந்தா அவ இருந்திருப்பா இல்ல? மறைக்காம சொல்லு."

வாய்வரை வந்தது. படுபாவி, அப்போதாவது கொட்டியிருக்கலாம்.

"இல்ல சார். நீங்க எப்ப இழுத்திருந்தாலும் நின்னிருக்காது."

அது உண்மைதான். ஏன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "ஒரு மாசமா தூக்கமில்லப்பா. நானே அவள கொன்னுட்டேன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீ சொன்னது போதும். மெர்சிப்பா, ரொம்ப மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

"பரவால்ல சார்" என்றேன்.