ருக்குமணி அக்காவின் ஓட்டு அஞ்சாம் நம்பருக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கேக்கிலிருந்து பிறந்தது. போன கிறிஸ்துமஸ் சமயம் கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் ருக்குமணி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேசைமேல் ஒரு பழக்கேக், ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டு இருந்தது. "ஒம்பதாவது" என்றார் என்னைப் பார்த்து. மறுநாளே டவுனில் இந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கினேன்.

ஒன்பது ஏன் என்று தெரிய, 1979க்குப் போக வேண்டும்.

2

தொடக்கம், முதல் வரைவு: "தேயிலைச் சரிவுகளில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த

வேண்டாம். கேமரன் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மூடுபனியில்தான் தொடங்குகிறார்கள். அங்கே குடியிருந்த எங்களுக்கு அது துணி காயாத தொல்லை.

இரண்டாம் வரைவு: எங்கள் எஸ்டேட் ஹாலில் ஒரு டிவி இருந்தது. (இது நிற்கட்டும்.) அந்த வருஷம் ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் பாட்டுப் போட்டி காட்டினார்கள். லயத்து வரிசை வீடுகளின் சனம் மொத்தமும் பாயோடு வந்துவிடும். மலை மறைத்ததால் ஏரியலை ஒரு பக்கம் திருப்பினால் படம் வரும், மறுபக்கம் திருப்பினால் சத்தம் வரும். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். எல்லாரும் படம் கேட்பார்கள். ருக்குமணி அக்கா ஒருவர்தான் சத்தம் வேண்டும் என்று சண்டை பிடிப்பார்.

"பாட்டுப் போட்டிலா இது! வாயசைக்கிறத பாக்கவா வந்தோம்?"

3

அக்கா கொழுந்து பறிக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது, பாட்டும் கற்றதில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் மலையில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. கூடை முதுகில், கை கொழுந்தில், வாய் போட்டியாளர்கள்மேல்.

ஒன்றாம் நம்பர்: "கண்ண மூடிக்கிட்டுப் பாடுறான். பாட்டு மறந்துட்டா நமக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

இரண்டாம் நம்பர்: "சேல நல்லாருக்கு. சேலயா பாடும்?"

மூன்றாம் நம்பர்: "பசி போல. மைக்க முழுங்கப் பாக்குறான்."

ஐந்தாம் நம்பர், ஈப்போக்காரப் பையன்: "சட்ட அண்ணன் சட்ட. கொரலு அவன் சொந்தக் கொரலு."

நாலாம் நம்பரைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லை. நாலாம் நம்பர் பிலோமி, எங்கள் எஸ்டேட் லோரி டிரைவர் ராஜநாயகத்தின் மகள். அவள் அம்மா கத்தரீன், அக்காவின் அடுத்த வீடு.

4

இறுதிச் சுற்றுக்கு அஞ்சலட்டையில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். நல்ல கருத்தாக எழுதினால் டிவியில் வாசிப்பார்களாம். நான் அப்போது ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. பாதிச் சனத்துக்கு நான்தான் கை. எழவுச் சேதி முதல் மாப்பிள்ளை பார்ப்பது வரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஒரே சட்டம்தான்: சொன்னதை எழுது, சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

எல்லாரும் எழுதி முடித்தபின் அக்கா வந்தார். கதவைச் சாத்தினார்.

"அம்புட்டுப் பேரும் பிலோமிதானே, தம்பி?"

"ஆமாக்கா. ஒருத்தர் பாக்கியில்ல."

"எனக்கு அஞ்சாம் நம்பர்னு எழுது. பிலோமி நான் தூக்கி வளத்த புள்ளதான். ஆனா மேல போறப்ப கொரலு பயப்படுது. அந்தப் பையனுக்கு பயமில்ல. கேட்டதத்தானே சொல்லணும்? கத்தரீன் காதுல மட்டும் விழக்கூடாது, ஆமா."

நான் எழுதியது இது: "பிலோமியின் குரல் தேன். மேல் சுரத்திலும் அச்சமே இல்லை. என் ஓட்டு அவருக்கே. இப்படிக்கு, ருக்குமணி."

வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் சொன்னதையே வாசித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எஸ்டேட்டின் மானம் கருதி (இதை அடித்துவிடுகிறேன்). ராஜநாயகம் லோரியில் டவுனுக்கு ஓசியில் போய்க்கொண்டிருந்த நன்றிக்கு (இதையும்). பிலோமி ஒருநாள் ஆபீஸ் ஜன்னலோரம் நின்று, "கையெழுத்து அழகா இருக்கே" என்றாள். சரி, இது நிற்கட்டும்.*

* பிலோமிக்கு இது ஞாபகமில்லை. 1984இல் அவளுக்குக் கிள்ளானில் கல்யாணம் ஆனது. பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக் கொடுத்தது நான்தான்.

5

இறுதிச் சுற்றன்று படமும் சத்தமும் சேர்ந்தே வந்தன. எனக்குப் பிடித்த சனியன் அப்படி. பாடியெல்லாம் முடிந்தது. அறிவிப்பாளர் ஓர் அட்டையை எடுத்தார்.

"கேமரன் மலையிலிருந்து திருமதி ருக்குமணி எழுதுகிறார்..."

ஹால் கூரை பறக்கிற மாதிரி சத்தம். அக்கா பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு தேன் வந்தது, அச்சமின்மை வந்தது. அக்கா மெல்ல உட்கார்ந்தார்.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பிலோமி வென்றாள் என்று முதலில் எழுதியிருந்தேன். அது புளுகு. எண்ணிக்கையை அவர்கள் சொல்லவில்லை. பிலோமி வென்றாள், அவ்வளவுதான்.

கத்தரீன் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நீங்க லேசுல யாரையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டீங்கக்கா. கோப்பையவிட இதுதான் எனக்குப் பெருசு."

கத்தரீன் தோளுக்கு மேலாக அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏரியலைச் சரிசெய்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கத்தரீன் வீட்டிலிருந்து முதல் கேக் வந்தது.

6

முடிவு (அ): அக்கா எழுந்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறார்.

முடிவு (ஆ): அக்கா கண்கலங்கி என்னை மன்னிக்

இரண்டும் ஆகாது. இரண்டிலும் அக்கா வாயில் நான்தான் பேசுகிறேன். வெட்கமாக இருந்தது. போன வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜாவுக்கே போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை எழுதியிருந்ததையே வாசித்தேன்.

கோஸ் இலையை உரித்துக்கொண்டே கேட்டு முடித்தார். "மொதல்ல பரவால்ல. போகப்போக ஒன்னயப் பாவம்போலக் காட்டிக்கிற."

"முடிவு என்னக்கா?"

"நான் சொல்றேன், எழுது."

"கத்தரீன் அக்கா படிச்சிட்டா?"

"படிக்கட்டும்லா. பத்தாவது கேக்கு வருதான்னு பாப்போம்."

எழுதினேன்:

"பிலோமி நல்லாத்தான் பாடுச்சு. அஞ்சாம் நம்பர் அதவிட நல்லாப் பாடுனான். கத்தரீன் குடுக்குற கேக்க நான் ஒரு வருசமும் முழுசாத் தின்னதில்ல, தொண்டையில எறங்காது. எம் பேரு டிவியில வந்தது ஒரே தடவ. அதையும் இந்த (                    ) பய கெடுத்துட்டான்."

"வாசி" என்றார். அடைப்புக்குறிக்குள் அவர் சொன்ன சொல்லையும் சேர்த்தே வாசித்தேன். திருப்தியாகத் தலையாட்டினார். அந்தச் சொல்லை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஆகவே வாசகரே, அவரிடம் ஒன்று வாசித்து உங்களிடம் வேறொன்று கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.