அத்தையின் டேபில் கை வைத்தவர்கள்

அதே பெயர், அதே அட்டைப்பெட்டி, பெட்டியின் மேல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் அதே குடும்பம். உள்ளே இருந்த டேப்லெட் மட்டும் வேறு. கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன்.

“மாடல் அதேதாங்க மேடம். உள்ள பார்ட்ஸ்தான் கொஞ்சம் மாத்தியிருக்காங்க.”

“அதைப் பெட்டி மேல எங்க எழுதியிருக்கீங்க?”

“எழுதணும்னு அவசியம் இல்லைங்க மேடம்.”

அவசியம் இல்லையாம். போனை வைத்த பிறகும் அந்த ‘மேடம்’ என் காதில் நின்று எரிச்சல் மூட்டியது.

அந்த டேப் எங்கள் வீட்டில் படம் பார்ப்பதற்கு இல்லை. அது என் மாமியாரின் வாய். பக்கவாதம் வந்து அத்தையின் வலது கையையும் பேச்சையும் ஒரே காலையில் பிடுங்கிக்கொண்டு போனது. புத்தியைத் தொடவில்லை. எழுத முடியாது, பேச முடியாது. ஆனால் இடது கை விரலால் படத்தைத் தொட்டால் டேப் அவருக்காகப் பேசும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு படம். இடப்பக்கம் ‘ஆமா’, வலப்பக்கம் ‘இல்லை’. அதற்குக் கீழே ‘தண்ணி’, ‘வலிக்குது’. அடுத்து ‘வீட்டுல இருக்கேன்’, ‘வெளியே போகலாம்’. கடைசி வரியில் நானே சேர்த்த ஒரு ஜோடி: ‘நன்றி’, ‘உன் வேலையைப் பாரு’. இந்த இரண்டாவது இல்லாமல் அத்தையின் பேச்சு முழுமையாகாது என்பது இத்தனை வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எனக்குத் தெரியாதா?

பழைய டேபிலும் கம்பெனிக்காரன் சும்மா இருக்கவில்லை. அத்தை அவசரமாக பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லப்போகும் நேரம் பார்த்து, திரை முழுக்க ஒரு செருப்பு விளம்பரம் பாட்டுப் பாடிக்கொண்டு குதிக்கும். அதை மூடும் குறி கடுகளவு. நடுங்குகிற விரல் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாள் அத்தை அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே கம்பெனியின் மென்பொருளை மொத்தமாக வழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஏற்றுவது என்று முடிவு செய்தேன். கல்லூரியில் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்வது என் வேலை. டேபைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இணையத்தில் முகம் தெரியாதவர்களை நச்சரித்து, தட்டுத் தடுமாறிச் செய்து முடித்தேன். பொத்தானை அழுத்தினால் நேராக அத்தையின் படங்கள். விளம்பரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அந்த டேபின் பேட்டரி உப்பி, திரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பேட்டரி மட்டும் கிடைக்காது என்று கைகழுவிவிட்டு, அதே பெயரில் இந்தப் புதியதை என் தலையில் கட்டினார்கள். பழையதற்குச் செய்த மென்பொருளைப் புதியதன் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றி ஏற்ற வேண்டியதாயிற்று. போர்ட் பண்ணுவது என்பார்கள். உள்ளே இருப்பது ஒன்றாக இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. முதலில் திரை கறுப்பாகவே கிடந்தது. பிறகு படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது தொடுதல் இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. ‘ஆமா’வைத் தொட்டால் ‘இல்லை’ என்றது. ‘தண்ணி’யைத் தொட்டால் ‘வலிக்குது’ என்று முனகியது.

“ஒண்ணுமே இல்லாததுக்கு இதாவது இருக்கட்டும், குடு,” என்றார் என் வீட்டுக்காரர். அவர் டாக்ஸி ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரமெல்லாம் அம்மாவோடுதான் இருப்பார்.

“தப்புத் தப்பாப் பேசும் அத்தை, சீக்கிரம் சரி பண்ணித் தரேன்,” என்று சொல்லிக் கொடுத்தேன். அத்தை முறைத்தார். என்னிடம் அவர் டேபில் பேசுவதே இல்லை. எங்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. அத்தனை வருடச் சண்டையில், அவர் கண் எந்தப் பக்கம் போனால் என்ன அர்த்தம் என்பது எனக்கு அத்துப்படி.

இதற்கு நடுவில் அத்தையின் மூத்த மகன் வந்தார். பெரிய அலுவலகத்தில் மேலாளர். எங்கள் வீட்டிலும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. அம்மாவைப் பராமரிப்பு விடுதியில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டாராம். அதற்கு முன் மதிப்பீடு செய்கிற ஒரு அம்மா வந்து அத்தையிடம் கேள்வி கேட்பார். சுயமாக முடிவெடுக்கும் நிதானம் இருந்தால் அத்தையின் சொல்தான். இல்லையென்றால் மூத்த மகனின் சொல்.

“அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?” என்றேன்.

“கேட்டா மட்டும் பதில் சொல்லிடப் போறாங்களா?”

இதைக் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார். அத்தைக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ. 

மதிப்பீடு நடக்கிற அன்று காலையில்தான் எனக்கு வழி பிடிபட்டது. தொடுதலுக்கான கோப்பில் ஒரே ஒரு எண். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று போட்டேன். ‘ஆமா’ என்றால் ‘ஆமா’. சமையலறையில் நின்றபடியே குதித்தேன். அத்தை குளித்துக்கொண்டிருந்தார். டேபைத் துடைத்துக் கட்டிலோரத் தாங்கியில் வைத்தேன். அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்த கையோடு வாசலில் மணி அடித்தது.

வந்தவர் அலட்டல் இல்லாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, அத்தையின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“இவர் உங்க பெரிய மகனாம்மா?”

அத்தையின் விரல் தயங்காமல் போனது. “இல்லை,” என்றது டேப்.

மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். உதட்டோரம் மட்டும் ‘நான் சொல்லலையா’ என்றது.

“இது உங்க வீடுதானே?”

“இல்லை.”

அத்தை திடுக்கிட்டு விரலைப் பார்த்தார். அதே இடத்தில் மறுபடி அழுத்தினார், மறுபடி ‘இல்லை’. பக்கத்தில் அழுத்தினார், ‘ஆமா’. எதை நம்புவது என்று தெரியாமல் மாற்றி மாற்றி அழுத்த, டேப் “ஆமா, இல்லை, ஆமா” என்று உளறியது. அந்த அம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

“விடுதியில போய் இருக்க விருப்பமா?”

“வெளியே போகலாம்.”

“பாருங்க, அம்மாவே சொல்லிட்டாங்க,” என்று மூத்தவர் முந்திக்கொண்டார். “எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா.”

அத்தை கடைசி வரியில் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

“நன்றி,” என்றது டேப்.

மூத்தவர் நெகிழ்ந்துபோய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.  நன்றி சொல்கிற முகமா அது? அத்தை கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவர் அடுக்கிவைத்த சமையலறை அலமாரியை ஒரு முறை என் வசதிக்கு மாற்றி அடுக்கினேன். அன்று பார்த்த அதே பார்வை. யாரைக் கேட்டு இதில் கை வைத்தாய்?

“என்னங்க, அத்தை இந்த டேப்ல எப்படிப் பேசுவாங்க?” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“திருப்பித்தான். ‘ஆமா’ன்னு சொல்லணும்னா ‘இல்லை’யைத் தொடுவாங்க. ரெண்டாம் நாளே பழகிட்டாங்களே, உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“காலையிலதான் நான் அதைச் சரி பண்ணி வச்சேன்.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் காது மடல் சுட்டது. கம்பெனிக்காரனை அன்று என்னவெல்லாம் கேட்டேன்! ஒருவருடைய வாயை உள்ளுக்குள் மாற்றிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், துடைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அவனாவது மேடம் என்று கூப்பிட்டான்.

“நான்தான் அத்தை மாத்தினேன். உங்களைக் கேக்காம மாத்திட்டேன். பழையபடி வைக்கட்டுமா?”

அத்தையின் கண் ஒரு முறை மூடித் திறந்தது. எங்கள் கணக்கில் அது சம்மதம். என் மடிக்கணினியை எடுத்து வந்து டேபோடு ஒயரை மாட்டினேன்.

“என்ன நாடகம் இது?” மூத்தவர் எழுந்துவிட்டார். “மிஷினை மாத்தி மாத்தி, உனக்கு வேணுங்கிற பதிலை வரவழைக்கப் பாக்குறியா?”

“கேட்டா பதில் சொல்லமாட்டாங்கன்னு சொன்னீங்கல்ல மாமா? சொல்றாங்களான்னு பாருங்க. உக்காருங்க.”

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் உட்கார்ந்தார். ஒன்றைத் திரும்பப் பூஜ்யமாக்கினேன். கம்பெனியின் சின்னம் எதற்கும் அவசரப்படாமல் திரையில் சுற்றியது. அந்தச் சனியனை மட்டும் என்னால் எடுக்கவே முடிந்ததில்லை. பிறகு படங்கள் வந்தன.

“நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?” என்று அத்தையிடம் கேட்டார் அந்த அம்மா. அத்தை கண்ணை மூடித் திறந்து, நான் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் தொட்டார். ‘ஆமா’வைத் தொட்டார், ‘இல்லை’ என்றது. ‘தண்ணி’யைத் தொட்டார், ‘வலிக்குது’ என்றது. “எனக்கே தலை சுத்துது. இவங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் குடுக்கல,” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த அம்மா தான் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பெரிய மகனா? விரல் ‘இல்லை’க்குப் போக, டேப் “ஆமா” என்றது. இது உங்கள் வீடா? “ஆமா.” நான் உங்கள் மகளா? “இல்லை.” ஒன்றுகூடப் பிசகவில்லை.

“விடுதியில போய் இருக்க விருப்பமா?”

விரல் ‘வெளியே போகலாம்’ மேல் இறங்கியது. “வீட்டுல இருக்கேன்.” யாரும் கேட்காமலே இன்னொரு முறை அழுத்தினார். “வீட்டுல இருக்கேன்.”

“இவங்க நிதானமாத்தான் இருக்காங்க,” என்று அந்த அம்மா எழுந்தார். “இனிமே இவங்களைக் கேக்காம யாரும் எதையும் முடிவு பண்ணாதீங்க.”

“இல்லம்மா, உங்க நல்லதுக்குத்தானே நான்...” என்று மூத்தவர் இழுத்தார்.

அத்தை திரையைப் பார்க்கக்கூட இல்லை. மகன் முகத்தைப் பார்த்தபடியே விரலை ‘நன்றி’யின் மேல் வைத்தார்.

“உன் வேலையைப் பாரு.”

மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வந்தவருக்கு முன்னால் அவர்தான் வெளியே போனார்.

எல்லோரும் போன பிறகு டேபின் பக்கம் கையை நீட்டினேன். மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி விழுந்தது.

“ஒயரைத்தான் அத்தை எடுக்கப் போறேன்,” என்றேன்.

அத்தை நம்பவில்லை. இடது கையால் டேபை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொண்டு, நான் அறையை விட்டுப் போகும்வரை முறைத்துக்கொண்டே இருந்தார்.