நண்டுக் கறியும் சூடான எஞ்சினும்

இரும்பு விஷயத்தில் அம்புறோசை ஏமாற்றக்கூடிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவனுக்குக் கனடா விசா கிடைத்திராது. இதைச் சொன்னது அம்புறோஸ்தான். ஞாயிறு பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று சொன்னான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

எதிரே நின்று கேட்டவன் அன்டன். முன்பொருமுறை பழைய வான் பார்க்கப் போன இடத்தில் அன்டனுக்குப் புட்டும் மீன்குழம்பும் கொடுத்தார்கள். சாப்பிட்ட வீட்டில் குனிந்து குறை பார்ப்பது மரியாதையில்லை என்று, அடித்தட்டு துருவேறிய வானை அப்படியே வாங்கி வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு 'புட்டு வான்' என்று பெயர். பெயர் சூட்டியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை.

"சோத்தைப் போட்டு இரும்பை விக்கிறவனும் ஒரு மனுசனே? அதைத் திண்டுபோட்டு வாங்கிறவனை என்னெண்டு சொல்லுறது?" என்றான் அம்புறோஸ். அன்டன் தேத்தண்ணியை ஊதிக் குடித்தான்.

அம்புறோசுக்கு அப்போது ஒரு மினி எக்ஸ்கவேற்றர் தேவைப்பட்டது. ஊரில் மண் தோண்டும் பெக்கோ என்பார்களே, அதன் குட்டி. துறைமுகத்துப் பக்கம் கிடங்கொன்றில் வேலை செய்துகொண்டே, சனி ஞாயிறுகளில் வீடுகளின் அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டி வடிகால் குழாய் போட்டுக் கொடுப்பான். உழைப்பில் பாதியை வாடகை இயந்திரம் தின்றது. சொந்தமாக ஒன்று வாங்கி, கிடங்கு வேலையை விட்டு, தானே முதலாளியாவது என்று தீர்மானித்தான். மனைவி றொஷினி வேலையை விடுவதற்கு முன் இயந்திரத்தை ஒரு மெக்கானிக்குக்குக் காட்டச் சொன்னாள். தன்னைவிட மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு அவன் வேலையை விட்டான்.

நகரின் ஓரத்தில், இல்-பிசாரில் தோட்டம் வைத்த பெரிய வீட்டில் இருந்தார், மெசின் விற்கவிருந்த எமிலியானுஸ். அதே பங்குக் கோயில், பூசையில் பக்கத்து வாங்கில் இருப்பவர். அம்புறோஸ் போய் இறங்கியபோது இயந்திரம் முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. புது மஞ்சள் வர்ணம். ஓட்டுபவர் இருக்கைக்கு முன்னே அந்தோனியார் படம்.

"குளிருக்கை வாறியள் எண்டு சூடாக்கி வைச்சனான்" என்றார் எமிலியானுஸ். அந்த அன்பு அம்புறோசின் நெஞ்சைத் தொட்டது. கீழே படுத்துப் பார்ப்பதற்காக முழங்காலை மடித்தான். அவர் தோளில் கை வைத்தார்.

"முதல்லை சாப்பிடுங்கோ. மெசின் எங்கை ஓடப்போகுது?"

நண்டுக் கறி. முருங்கையிலை போட்டு, கூழைப்போலத் தடித்த குழம்பு. அம்புறோஸ் மூன்றாம் முறையும் சோறு வாங்கினான். கை கழுவி வெளியே வந்தபோது அவனுக்கு விரலில் நண்டு வாசம், மனதில் நன்றி. இந்த மனுசனிடம் இயந்திரத்தை நிறுத்தி, ஆறவைத்து, பிறகு ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்வதா? கைபிடியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தான். வாளி ஏறியது, இறங்கியது. வாங்கிவிட்டான்.

ஐப்பசிக் குளிர் தொடங்கியிருந்தது. வில்லரேப் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாமின் வீட்டில் வடிகால் வேலை. முதல் நாள் இயந்திரம் எமிலியானுஸ் வீட்டிலிருந்து சூட்டோடு வந்து இறங்கி, அத்திவாரம்வரை அழகாகத் தோண்டியது. மறுநாட் காலை அது எழும்பவில்லை. திறப்பைத் திருப்பத் திருப்ப இருமியது, வெள்ளைப் புகை விட்டது, அடங்கியது. மழை பெய்தது. பள்ளத்துத் தண்ணீர் மதாமின் நிலக்கீழ் அறைக்குள் போனது. அம்புறோஸ் மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கினான். மதாம் யன்னலில் நின்று வேறொரு கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தார்.

பிறகுதான் மெக்கானிக் வந்தான். எஞ்சின் உள்ளே தேய்ந்துபோயிற்று, குளிரில் எழும்பாது, வெளியிலிருந்து சூடுகாட்டி எழுப்பினால் மட்டும் நல்லதுபோல நடிக்கும் என்றான். விற்றவர் அதை ஆறவிட்டுக் காட்டினாரா என்றும் கேட்டான். அம்புறோஸ் அந்தோனியாரைப் பார்த்தான்.

எமிலியானுசிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மண்டபம் முழுக்கத் தெரியும், அன்டனுக்கும் தெரியும். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் எமிலியானுஸ் திரும்பிக் கை கொடுத்து, மெசின் எப்படி என்று விசாரித்தார். "திறம் அண்ணை" என்றான் அம்புறோஸ். கிடங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். வீட்டுக் கடன் தவணை யாருடைய மானத்துக்காகவும் நிற்கவில்லை.

அந்த வேளையில்தான் டனிஸ்ரன் தொலைபேசி எடுத்தான். அதே கோயிலுக்கு வரும், புதிதாகக் கலியாணம் கட்டிய பொடியன், தொழில் தொடங்கப் போகிறானாம். மெசினை விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டான். அம்புறோஸ் அண்ணை பார்த்து வாங்கிய மெசின் என்றால் தான் பார்க்கவே தேவையில்லை என்றும் சொன்னான்.

றொஷினி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லுறன். மெசின் பாக்கப் போறவன் தன்ரை வீட்டிலை சாப்பிட்டிட்டுப் போகவேணும், மெசின் குளிர்ந்து கிடக்கவேணும். எங்கடை ஆள் எண்டு கேக்காமல் வாங்கிறதும் பிழை. எங்கடை ஆள் கேக்கமாட்டான் எண்டு விக்கிறது அதைவிடப் பெரிய பிழை. அந்தப் பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ."

"நீர் சொல்லுறது நூற்றுக்கு நூறு சரி" என்றான் அம்புறோஸ். மனதார ஒப்புக்கொண்டுதான் சொன்னான். அவன் கண்கூடக் கலங்கியது. பிறகு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நண்டு வாங்கக் கடைக்குப் போனான்.

சனிக்கிழமை டனிஸ்ரன் வந்தபோது இயந்திரம் ஒழுங்கையில் உறுமிக்கொண்டு நின்றது. றொஷினி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கறியை அம்புறோஸே காய்ச்சியிருந்தான். பொடியன் கெட்டிக்காரன். எஞ்சினில் கை வைத்துப் பார்த்து, இது ஏன் இப்படிச் சுடுகிறது என்று யோசிப்பவன் போல நின்றான். பிறகு கீழே பார்க்க முழங்காலை மடித்தான்.

அம்புறோஸ் மெதுவாக அவன் தோளில் கை வைத்தான்.

"முதல்லை சாப்பிடும் தம்பி. மெசின் எங்கை ஓடப்போகுது?"