மூச்சு வாங்குகிற மாதிரி

எனக்கு நெஞ்சு நோய் இருப்பது பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வறுத்தே காலம் போனவள் நான். அந்தப் புகை சும்மா விடுமா? நுரையீரல் கெட்டது கெட்டதுதான், இனி புதிதாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பொய் என்பது அதற்கு மேல் நான் சேர்த்துக்கொண்டது.

மார்கழியில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, நெய்வேலிக்கு மகன் வீட்டுக்கு வந்தேன். மகன் கார்முகில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம்தான். என்னைப் பார்த்துக்கொண்டது மருமகள் இசைப்பிரியா. அவளுக்கும் ஆபீஸ் வேலை உண்டு. மதியம் ஸ்கூட்டியில் ஓடி வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்ப ஓடுவாள்.

ஒரு நாள் குளிக்கப் போகும்போது நிஜமாகவே மூச்சு வாங்கியது. பிரியா நாற்காலி போட்டு உட்கார வைத்து, வெந்நீரை மொண்டு ஊற்றி, முதுகு தேய்த்துவிட்டாள். என் வயசுக்கு அதுவரை யாரும் எனக்கு முதுகு தேய்த்ததில்லை. மறுநாள் அவ்வளவாக வாங்கவில்லை. ஆனாலும் வாங்குகிற மாதிரி வாயைத் திறந்தேன்.

அப்படியே பழகிவிட்டது. தட்டு கட்டிலுக்கே வந்தது. "கொஞ்சம் நடங்க அத்தை, டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல" என்பாள். நான் நெஞ்சில் கை வைப்பேன். "சரி சரி, உக்காருங்க" என்று விட்டுவிடுவாள். படுத்தே கிடந்தால் பசி எங்கே எடுக்கும்? பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கும். பங்குனி வருவதற்குள் நடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. வாசல் வரை போனாலே திணறியது.

பிரியா லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். மூச்சுப் பயிற்சி கொடுக்கிற அகிலா என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் குழாயை என் வாயில் வைத்தாள்.

"நல்லா இழு ஆயா. எளநி குடிக்கறாப்போல."

"இதுல எளநியே இல்லியே கண்ணு."

சிரித்தாள். நான் எவ்வளவு இழுத்தும் காற்று வரவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. என் விலாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூச்ச இழுக்கற சதை இளைச்சுப்போச்சு. கை கால் சதை மாதிரிதான் அதுவும். வேலை குடுக்கலன்னா, சாப்பாடு போதலன்னா கரைஞ்சுடும்." பிரியாவைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாத்தயும் நீங்களே செஞ்சா ஆயா எப்பிடிம்மா தேறும்? உக்கார வச்சே கெடுத்துட்டீங்க."

பிரியா தலை குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டோவில் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"தப்பு எம்மேலதான் அத்தை. ஆபீசுக்கு ஓடற அவசரத்துல உங்கள நடக்க வைக்காம வுட்டுட்டேன். நாளைக்கே வேலைய வுட்டுடறேன். கூடவே இருந்து உங்களத் தேத்திடறேன்."

அந்த வேலைக்காகக் கல்யாணமான புதிதில் அடுப்படியில் நின்றுகொண்டே படித்தவள் அவள்.

"வேலைய ஏண்டி..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

"பேசாதீங்க அத்தை. பேசினா வாங்குது."

சாயங்காலமும் சொல்லப் பார்த்தேன். "பிரியா, நான் வந்து..." என்பதற்குள் இரைந்தது. மூச்சுக்கு அடிக்கிற மருந்துப் பம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாயில் அடித்துவிட்டு முதுகைத் தடவினாள். அந்தக் கை பட்டபோது உடம்பு கூசியது.

காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் எழுந்தேன். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேடையில் கையை ஊன்றி நின்றுவிட்டு, அடுப்பில் பாலை வைத்தேன். தலை துவட்டிக்கொண்டு வந்தவள் அலறினாள்.

"ஐயோ அத்தை! ஏங்க, இங்க வாங்களேன்!"

"அவனக் கூப்புடாத." மூச்சைச் சேர்த்துக்கொண்டேன். "என்னால முடிஞ்சுதுடி. தை மாசத்துல... குளிக்க, நடக்க... எல்லாம் முடிஞ்சுது. முடியாதாப்போல இருந்தேன். நீ செய்யறது... நல்லா இருந்துது."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நேத்து அந்தப் பொண்ணு என்னத் திட்டுனப்பகூட வாயத் தொறக்கலியே நீங்க?"

"தொறக்கல."

"உங்க புள்ளகிட்ட அழுதுகினு இருந்தேன். நாந்தான் உங்களக் கொன்னுட்டேன்னு."

"வேலைய வுடாத" என்றேன்.

சமையலை முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வேலை பார்க்கப் போகிறாளா, வேலையை விடப் போகிறாளா என்று தெரியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்முகிலும் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

மதியம் ஸ்கூட்டி வரவில்லை. போன்தான் வந்தது.

"சோறு குக்கர்ல இருக்கு. முட்டை அவிச்சு வச்சிருக்கேன். எழுந்து போட்டுக்குங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

"கோவமா கண்ணு?"

"ஆமா" என்று வைத்துவிட்டாள்.

எழுந்தேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது. யாரும் ஓடி வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, அது அடங்கிய பிறகு நடந்தேன்.