ஈலீன் சொன்ன மூன்று வாக்கியங்கள்

நாச்சாரத்தில் ப்ரியம்வதாவும் சலீமும் கூட்டாக நடத்தும் தோல் பைகள் தைக்கும் பட்டறைக்கு அன்று ஒரு குரல் செய்தி வந்தது. முதன்முதலாக அவர்கள் கடல் தாண்டி அனுப்பிய பைகளை வாங்கிய ஸ்காட்லாந்துக் கடைக்காரி ஈலீன் பேசியிருந்தாள். செய்தி வாசிப்பதுபோன்ற குரல். அதில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“வீ குட் நாட் பீ ஹேப்பியர். நாட் ஒன்ஸ் ஹேஸ் எ சீம் கிவன் வே. ஹார்ட்லி ஹேட் தி பேக்ஸ் ரீச்ட் தி ஷெல்ஃப் வென் தே வேர் கான்.”

ப்ரியம்வதா அதை இரண்டு முறை கேட்டாள். வங்கியிலும் ஏற்றுமதி ஏஜெண்டிடமும் ஆங்கிலத்தில் பேசித்தான் இந்தச் சரக்கையே அனுப்பியிருந்தாள். ஆனால் இந்த ஆங்கிலம் தலையும் காலும் மாறி நின்றது.

“குட் நாட், ஹேப்பி. சந்தோஷமா இருக்க முடியலையாம், பாய்.”

சலீம் வாணியம்பாடிக்காரன், தோல் வெட்டுவதில் கெட்டிக்காரன். அவன் முகமும் சுருங்கியது. “நாட் ஒன்ஸ்னா ஒரு தடவை இல்ல, பல தடவை தையல் விட்டுப்போச்சுன்றாங்க. கடைசியில கான். பை போச்சு.” மேசையில் தயாராக இருந்த பைகளை இழுத்துக் கத்தரிக்கோலை எடுத்தான். “ரிஸ்க் நக்கோ, வேணாம் மேடம். பிரிச்சு மறுபடி தைச்சிடலாம்.”

“கீழே வைங்க. நானே பிடிச்சுத் தொங்கிப் பார்த்த தையல் அது. விடாது.”

சொல்லிவிட்டாளே தவிர, காதில் அந்தக் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு என்ன எழுதுவதென்றும் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

மத்தியானம் சலீமின் மனைவி கொடுத்தனுப்பிய பிரியாணியைப் பிரித்தார்கள்.

“எப்படி இருக்கு?” என்றான் சலீம், பேச்சை மாற்ற.

“இதுக்கு மேல நல்லா பண்ண முடியாது, பாய்.”

சொன்னவளின் கை பாதியில் நின்றது. முடியாது என்றுதான் சொன்னாள், சொன்னது பாராட்டு. இதற்கு மேல் சந்தோஷப்பட முடியாது. அதைத்தானே அந்தப் பெண்ணும் சொல்லியிருக்கிறாள்?

இடது கையால் போனை எடுத்தாள். முன்னால் துருத்திக்கொண்டிருந்த ‘நாட் ஒன்ஸ்’ஸைப் பிடித்து அதன் இடத்தில் உட்கார வைத்தாள். ஒரு தையல்கூட, ஒரு தடவைகூட விடவில்லை. அப்புறம் அந்த ‘ஹார்ட்லி’. அலமாரியில் வைத்தார்களோ இல்லையோ, பைகள் போய்விட்டன. எங்கே போகும்? விற்றுத்தான்.

“பாய், எல்லாம் வித்துப்போச்சு.”

சலீம் நம்பவில்லை. அவள் கை கழுவிவிட்டு ஈலீனையே கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல், தன் ஆங்கிலத்தில் கேட்டாள்: பை நல்லதா, கெட்டதா?

 மறுமுனையில் ஈலீன் வாய்விட்டுச் சிரித்தாள். நல்லதென்றாள், மிக நல்லதென்றாள். அடுத்த முறை மூன்று மடங்கு வேண்டுமென்றாள். ஒவ்வொரு பையின் உள்பக்கமும் செய்தவர்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லி, பெயர்களைக் கேட்டாள்.

சலீம் பெயர் ஈலீனின் வாயில் சுலபமாக வந்துவிட்டது. ‘ப்ரியம்வதா’வில் அவள் தடுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி முயன்றாள். ப்ரியம்வதா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.